பாதை வெறும் சரமன்று: பைத்தான் மொழியின் கோப்பு நூலகம் கண்ட மாற்றங்கள்

பலருக்கும் மீண்டும் மீண்டும் தேவைப்படும் செயல்களை ஒருமுறை நன்றாக எழுதி, சோதித்து, எவரும் தம் நிரலில் எடுத்தாளும்படி தொகுத்து வைத்தால், அத்தொகுப்பு நிரலாக்கத்தில் நூலகம் எனப்படுகிறது; நிரல்மொழியை நிறுவும்போதே அதனுடன் சேர்ந்து வருவது அம்மொழியின் செந்தர நூலகம். பைத்தான் மொழியின் செந்தர நூலகத்தில் கோப்புகளையும் கோப்புறைகளையும் கையாளும் பகுதி 2014ஆம் ஆண்டுக்குப் பின் பதிப்புக்குப் பதிப்பு மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றங்கள் எவ்வகைத் தேவையால் எழுந்தன, பழைய நிரல்களுக்குத் தந்திருந்த வாக்கு அவற்றினூடே எவ்வாறு காக்கப்பட்டது, தமிழில் கோப்புப் பெயரிடுவோருக்கும் தமிழ் உரையைச் சேமிப்போருக்கும் அவற்றால் விளைவது என்ன என்பவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். புதுப்பித்தல் என்றவுடன் புதிய வசதிகளின் பட்டியலே பொதுவாக நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு நூலகப் புதுப்பித்தலின் தகுதியை அளக்க வேண்டியது, அது எத்தனை வசதிகளைச் சேர்த்தது என்பதைக் கொண்டன்று. அதுவரை ஓசையின்றி நிகழ்ந்துவந்த எந்தப் பிழையை அது வெளிப்படையாக்கியது அல்லது நிகழவே இயலாததாக்கியது என்பதைக் கொண்டுதான்.

சரமாக இருந்த பாதை

ஒரு கோப்பு கணினியில் எந்தக் கோப்புறையில், எந்தப் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லும் தொடரே பாதை. பைத்தான் பிறந்த காலம் முதல் பாதைகள் வெறும் சரங்களாகவே, அதாவது எழுத்துகளின் வரிசைகளாகவே, கையாளப்பட்டு வந்தன. அவற்றை இணைக்கவும் பிரிக்கவும் ஓஎஸ்.பாத் என்னும் தொகுதி செயற்கூறுகளை வழங்கியது. இந்த ஏற்பாடு எளிமையானதுதான். ஆயினும் சரத்துக்குரிய விதிகள் வேறு, பாதைக்குரிய விதிகள் வேறு என்பதை அது மறைத்துவிட்டது. இரு சரங்களைக் கூட்டல் குறியால் ஒட்டினால் எப்போதும் இன்னொரு சரம் கிடைக்கும். ஆனால் இரு பாதைகளை அவ்வாறு ஒட்டும்போது நடுவே பிரிகுறி விடுபட்டால் கிடைப்பது இல்லாத ஒரு கோப்பின் பெயர் மட்டுமே, அதைக் கண்டு மொழி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

இயங்குதளங்களுக்கு இடையிலான வேறுபாடு இச்சிக்கலைப் பெருக்கியது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸும் மேக்கும் கோப்புறைகளைப் பிரிக்க வலப்புறம் சாய்ந்த கோட்டைப் (/) பயன்படுத்துகின்றன. மைக்ரோசாஃப்டின் டாஸ் இயங்குதளத்திலோ 1983இல் வெளியான 2.0 பதிப்பில்தான் கோப்புறைகள் அறிமுகமாயின. அதற்குள் அந்தக் கோடு கட்டளைகளின் விருப்பத்தேர்வைக் குறிக்கப் பயன்பட்டுவந்ததால், பாதைகளுக்கு இடப்புறம் சாய்ந்த கோடு (\) தேர்ந்தெடுக்கப்பட்டது. விண்டோஸ் வழியே இன்றும் தொடரும் அக்குறிக்குப் பைத்தான் சரங்களுக்குள் வேறொரு பணியும் உண்டு. அடுத்து வரும் எழுத்துக்குச் சிறப்புப் பொருள் தருவது அதுவே என்பதால், விண்டோஸ் பாதை ஒன்றை அப்படியே சரமாகத் தட்டச்சு செய்தால் நடுவில் ஒரு தாவல் இடைவெளியோ புதுவரியோ அமைந்துவிட வாய்ப்புண்டு. எழுத்தின் பெரிய, சிறிய வடிவங்களை லினக்ஸ் வேறு வேறு பெயர்களாகக் கொள்ள, விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்கிறது. இத்தனை விதிகளையும் நிரலர் ஒவ்வொருவரும் தம் நினைவில் சுமந்துகொண்டுதான் நிரல் எழுத வேண்டியிருந்தது.

பாதைக்கெனத் தனி வகை வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. 2006ஆம் ஆண்டிலேயே பெப் 355 என்ற முன்மொழிவு அதைக் கேட்டது. பெப் என்பது பைத்தான் மொழியில் செய்ய வேண்டிய மாற்றத்தை முறைப்படி எழுதிப் பலர் ஆய்வுக்கு வைக்கும் ஆவணத்தின் பெயர். அம்முன்மொழிவு பாதையைச் சரத்தின் ஒரு கிளைவகையாகவே வைத்துக்கொண்டு, கோப்பு தொடர்பான எல்லாச் செயல்களையும் அந்த ஒரே வகைக்குள் கொண்டுவர முயன்றது, அது ஏற்கப்படவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 2012இல், ஆன்ட்வான் பித்ரூ எழுதிய பெப் 428 பாதையைச் சரத்திலிருந்து முற்றிலும் பிரித்தது. அதன் விளைவாக உருவான பாத்லிப் என்ற தொகுதி 2014 மார்ச்சில் வெளியான பைத்தான் 3.4இல் இடம்பெற்றது, அதுவும் தற்காலிகத் தகுதியோடு, அதாவது தேவை ஏற்பட்டால் வடிவம் மாறக்கூடும் என்ற அறிவிப்போடு, சேர்க்கப்பட்டது.

பாத்லிப் பாதைகளை இரண்டு அடுக்குகளாகப் பகுத்தது. கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று பாராமல் பெயரளவில் மட்டும் கணக்கிடும் தூய பாதைகள் ஓர் அடுக்கு. வட்டைத் தொட்டுக் கோப்பைத் திறப்பது, உருவாக்குவது, அழிப்பது போன்ற செயல்களை உடைய பருப்பாதைகள் மற்றோர் அடுக்கு. இந்தப் பகுப்பினால், லினக்ஸ் கணினியில் ஓடும் நிரலும் விண்டோஸ் பாதை ஒன்றை விண்டோஸ் விதிகளின்படியே பிரித்து ஆராய இயலும். அந்தக் கோப்பைத் திறக்க முனைவது மட்டுமே அங்கே இயலாது. எது பெயரைப் பற்றிய கேள்வி, எது பொருளைப் பற்றிய கேள்வி என்று நிரலர் தெளிந்திருக்க வேண்டும் என்பதை இந்த அமைப்பே கற்பித்துவிடுகிறது.

பழைய வீதிகளோடு புதிய இணைப்பு

நல்ல வடிவமைப்பு கிடைத்தும் முதலிரண்டு பதிப்புகளில் பாத்லிப்பை ஏற்கப் பலர் தயங்கினர். பாதை சரமன்று என்று புதிய தொகுதி சொல்ல, கோப்பைத் திறக்கும் செயற்கூறு உட்பட மொழியின் மற்றெல்லாப் பகுதிகளும் சரத்தையே எதிர்பார்த்து நின்றன. ஆகவே பாதைப் பொருளை ஒவ்வொரு முறையும் சரமாக மாற்றியே கொடுக்க வேண்டியிருந்தது. இந்த மாற்றத்தில் ஓர் ஆபத்தும் இருந்தது. பைத்தானில் எந்தப் பொருளையும் சரமாக்கலாம். மதிப்பு ஏதுமில்லை என்பதைக் குறிக்கும் நன் என்ற சிறப்புப் பொருளையும் சரமாக்கலாம். கிடைப்பது அச்சொல்லின் எழுத்துகளே. பாதையைத் தந்திருக்க வேண்டிய ஒரு செயற்கூறு தவறுதலாக நன் என்பதைத் திருப்பித் தந்தால், அதைச் சரமாக்கி எழுதுவதற்காகத் திறக்கும் நிரல், அப்பெயரிலேயே ஒரு கோப்பை உருவாக்கித் தரவுகளை அதில் கொட்டிவிட்டு, வெற்றி பெற்றதாகவே முடியும். பிழை நேர்ந்தது எவருக்கும் தெரியாது.

பிரெட் கேனன், கூஸ் சேவன்ஹோவன் ஆகியோர் எழுதிய பெப் 519 இந்த இடைவெளியை அடைத்தது. ஒரு பொருள் தன்னைப் பாதை என்று அறிவித்துக்கொள்ள ஒரு பொது நெறிமுறையை அது வகுத்தது. அந்த நெறிமுறைக்கு இணங்கும் பொருளையும் சரத்தையும் பைட் வரிசையையும் மட்டுமே ஏற்று, பிறவற்றைப் பிழை என்று உடனே மறுக்கும் செயற்கூறு ஒன்றும் சேர்க்கப்பட்டது. 2016 டிசம்பரில் வெளியான 3.6 பதிப்பு முதல், கோப்பைத் திறக்கும் செயற்கூறும் ஓஎஸ் தொகுதியின் செயற்கூறுகளும் பாதைப் பொருளை நேரடியாக ஏற்றுக்கொள்கின்றன. பாத்லிப் பரவலாக வழக்கத்துக்கு வந்ததற்கு இந்த இணைப்பே காரணம். புதியதாக ஒரு கருவியைப் படைப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. ஏற்கெனவே இருக்கும் கருவிகள் அதை அடையாளம் கண்டுகொள்ளச் செய்வது எஞ்சிய பாதி என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

ஒருமுறை கேட்டதை மறுமுறை கேளாமை

விரைவு பற்றிய மாற்றங்களிலும் இதே ஒழுங்கு காணப்படுகிறது. ஒரு கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிடும் பழைய செயற்கூறு பெயர்களை மட்டுமே தந்தது. அப்பெயர்களில் எது கோப்பு, எது கோப்புறை என்று அறிய ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்திடம் தனித்தனியே கேட்க வேண்டியிருந்தது. உண்மையிலோ, பட்டியலைத் தரும்போதே லினக்ஸ் பொதுவாக ஒவ்வொன்றின் வகையையும், விண்டோஸ் வகையோடு அளவு, நேரம் முதலியவற்றையும் சேர்த்தே தருகின்றன. பைத்தான் அவற்றை வாங்கி எறிந்துவிட்டு மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பென் ஹாய்ட் எழுதிய பெப் 471, அந்தத் தகவலைப் பெயருடன் சேர்த்தே வைத்திருக்கும் ஸ்கேன்டிர் என்ற செயற்கூறை 2015இல் வந்த 3.5 பதிப்பில் சேர்த்தது. கோப்புறை மரத்தை அடிமுதல் நுனிவரை சுற்றிவரும் வாக் என்ற பழைய செயற்கூறு அதன்மேல் மீண்டும் எழுதப்பட்டபோது, யூனிக்ஸ் வகைத் தளங்களில் 3 முதல் 5 மடங்கும், விண்டோஸில் 7 முதல் 20 மடங்கும் விரைவு கூடியதாக அப்பதிப்பின் அறிவிப்புக் குறிப்பு தெரிவிக்கிறது. பழைய நிரல்கள் ஒரு வரியும் மாறாமல் இந்தப் பயனைப் பெற்றன. அதே கருத்து பத்தாண்டுகளுக்குப் பின் 3.14 பதிப்பில் பாத்லிப்புக்கும் வந்தது. கோப்புறையைப் பட்டியலிடும்போது கிடைக்கும் பாதைப் பொருள்கள் தம் வகை பற்றிய தகவலை இன்ஃபோ என்ற பண்பில் ஏந்தியே வருகின்றன.

சோதனைக்கும் செயலுக்கும் இடைப்பட்ட கணம்

கோப்புறை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உருவாக்கு என்று எழுதுவது நிரலர் பலருக்கும் இயல்பாக வருகிறது. ஆனால் கோப்பு முறைமை ஒரு நிரலுக்கு மட்டும் உரியதன்று. பார்த்த கணத்துக்கும் உருவாக்கும் கணத்துக்கும் இடையில் வேறொரு நிரல் அதே கோப்புறையை உருவாக்கிவிடலாம். அப்போது முதல் நிரல் எதிர்பாராப் பிழையில் நின்றுவிடும். ஆயிரம் முறை ஓடி ஒரு முறை மட்டும் முறியும் இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே, கோப்புறை முன்பே இருந்தால் அதைப் பிழையாகக் கொள்ளாதே என்று சொல்லும் விருப்பத்தேர்வு ஓஎஸ் தொகுதிக்கு 3.2 பதிப்பிலும் பாத்லிப்புக்கு 3.5 பதிப்பிலும் வந்தது. அழிக்க வேண்டிய கோப்பு முன்பே இல்லாமற்போயிருந்தால் பொருட்படுத்தாதே என்னும் விருப்பத்தேர்வு 2019இல் வந்த 3.8இல் சேர்ந்தது. ஓரிரு சொற்கள் கூடியதைப் போலத் தோன்றும் இச்சிறு சேர்க்கைகள், சோதனை, செயல் என்று இரண்டாகப் பிரிந்து நின்றதை ஒரே செயலாக்கின.

இதே இடைவெளி தற்செயலான மோதலாக இல்லாமல் திட்டமிட்ட தாக்குதலாகவும் பயன்படக்கூடும். ஒரு கோப்புறை மரத்தை முழுவதுமாக அழிக்கும் செயற்கூறு, உள்ளே இருப்பது கோப்புறைதான் என்று சோதித்த கணத்துக்கும் அதனுள் நுழையும் கணத்துக்கும் இடையில், ஒருவர் அக்கோப்புறையை நீக்கிவிட்டு, வேறோர் இடத்தைச் சுட்டும் சிம்பாலிக் லிங்க் ஒன்றை, அதாவது இன்னொரு பாதையைச் சுட்டி நிற்கும் சிறப்புக் கோப்பை, அங்கே வைத்துவிட்டால், அழிக்கக் கூடாத இடம் அழிந்துபோகும். 3.3 பதிப்பு முதல், இயங்குதளம் இடங்கொடுக்கும் இடங்களிலெல்லாம், பெயரை நம்பாமல் திறந்து பிடித்த கோப்புறையையே பற்றிக்கொண்டு அழிக்கும் முறை பின்பற்றப்படுகிறது.

ஒரு தவறான பெயரின் வாழ்க்கை

புதுப்பித்தல்கள் எல்லாமே முதல் முயற்சியில் சரியாக அமைவதில்லை. அமையாதபோது நூலகம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே அதன் பொறுப்புணர்வைக் காட்டும். இதற்கு லிங்க்_டூ என்னும் செயலின் வரலாறு தெளிவான சான்று. ஒரே கோப்புக்கு இரண்டாவது பெயர் ஒன்றைக் கோப்பு முறைமையில் பதிவதை ஹார்ட் லிங்க் என்பர். பாத்லிப்பில் சிம்பாலிக் லிங்க் உருவாக்கும் செயல் முன்பே இருந்தது. அதில் எந்தப் பாதைப் பொருளின்மேல் செயல் அழைக்கப்படுகிறதோ அதுவே புதிதாக உருவாகும் இணைப்பு, அடைப்புக்குள் தரப்படுவது அந்த இணைப்பு சுட்டும் இலக்கு. 3.8 பதிப்பில் சேர்ந்த லிங்க்_டூ, பெயரமைப்பில் அதனோடு ஒத்திருந்தும் செயலில் நேர்மாறாக அமைந்துவிட்டது: அழைக்கப்படும் பாதை பழைய கோப்பாகவும், அடைப்புக்குள் இலக்கு என்ற பெயரால் தரப்படுவது புதிய இணைப்பாகவும் ஆயின. பெயரைப் பார்த்துப் பொருளை ஊகிக்கும் நிரலர் தவறாமல் தவறு செய்வதற்கான ஏற்பாடாக அது இருந்தது.

இதைச் சீர்செய்ய எளிய வழி, அச்செயலின் வரிசையை அடுத்த பதிப்பில் மாற்றிவிடுவது. ஆனால் இடைக்காலத்தில் பழைய வரிசையை அறிந்து சரியாக எழுதப்பட்ட நிரல்கள் அனைத்தும் அதனால் ஒரே நாளில் தவறாகிவிடும். அதுவும் பிழைச்செய்தி இன்றித் தவறாகும். ஆகவே வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அச்செயல் தன் பெயர் உணர்த்துவதற்கு மாறாக நடக்கும் என்ற எச்சரிக்கை கையேட்டில் எழுதப்பட்டது. 2021இல் வந்த 3.10 பதிப்பில் சரியான வரிசையுடன் ஹார்ட்லிங்க்_டூ என்ற புதிய பெயரில் புதிய செயல் சேர்ந்தது. பழையது கைவிடப்படவிருக்கிறது என்ற அறிவிப்பு அதே பதிப்பில் தொடங்கியது. 2023இல் வந்த 3.12 பதிப்பில் அது நீக்கப்பட்டது. நீக்கத்துக்குப் பின் பழைய பெயரை அழைக்கும் நிரல் அந்த வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். தவறான கோப்பை உருவாக்காது. ஓசையற்ற பிழையைவிட ஓசையுள்ள முறிவு மேலானது என்ற கொள்கை இங்கே செயல்வடிவம் பெறுகிறது.

இந்த ஒழுங்கு தனிமனித நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நடப்பதன்று. பைத்தானின் பின்னோக்கு இசைவுக் கொள்கையை வகுக்கும் பெப் 387, ஒரு வசதியை நீக்குமுன் குறைந்தது இரண்டு பதிப்புகளிலாவது எச்சரிக்கை தரப்பட வேண்டும் என்கிறது. 2020இல் வந்த 3.9 முதல் ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்ற முறை நடைமுறையில் இருப்பதால், நிரலர்களுக்கு ஏறத்தாழ ஈராண்டு அவகாசம் கிடைக்கிறது. நீக்கமே வேண்டாத இடங்களில் பழையதைத் தொடாமல் புதியதை அருகில் வைக்கும் முறையும் உண்டு. பெயர் வடிவங்களோடு பாதையை ஒப்பிடும் மேட்ச் என்னும் செயல், எத்தனை அடுக்குக் கோப்புறைகளையும் குறிக்க வேண்டிய இரட்டை விண்மீன் குறியை ஒற்றை விண்மீனாகவே கொண்டுவந்தது. அதன் நடத்தையை மாற்றினால் நம்பியிருக்கும் நிரல்கள் கெடும் என்பதால், 3.13 பதிப்பு ஃபுல்_மேட்ச் என்ற பெயரில் சரியான நடத்தையுடைய தனிச்செயலைச் சேர்த்தது.

பதினெட்டு ஆண்டுகள் எடுத்த திருத்தம்

பழைய வாக்கைக் காப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கலாகாது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் டார் வகைக் கோப்புகளைப் பிரிக்கும் தொகுதியில் ஒரு குறை 2007இலேயே பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பதிவேட்டில் இடம்பெற்றது. டார் கோப்பினுள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பாதை எழுதப்பட்டிருக்கும். அப்பாதையில் மேற்கோப்புறைக்குச் செல் என்று பொருள்படும் இரட்டைப் புள்ளியை ஒருவர் வேண்டுமென்றே எழுதி வைத்தால், ஒரு கோப்புறைக்குள் பிரிக்கும்படி சொல்லியிருந்தும், கோப்புகள் அதற்கு வெளியே ஏறிச் சென்று, கணினியின் வேறு இடங்களில் இருப்பவற்றின்மேல் எழுதப்படலாம். நம்பத்தகாத டார் கோப்புகளைப் பிரிக்க வேண்டாம் என்று கையேடு எச்சரித்ததே தவிர, நடத்தை மாறவில்லை. காப்புப்படி எடுத்து மீட்டெடுப்போருக்கு முழுப்பாதைகளும் அனுமதிகளும் அப்படியே வேண்டியிருந்தன என்பதே அதற்குக் காரணம்.

கையேட்டின் எச்சரிக்கை படிக்காதவரைக் காப்பதில்லை. பெட்ர் விக்டோரின் எழுதிய பெப் 706, பிரிக்கும்போது ஒவ்வொரு கோப்பையும் ஆராயும் வடிகட்டி என்ற கருத்தைக் கொண்டுவந்தது. 2023இல் வந்த 3.12 பதிப்பில் வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும் வழி பிறந்தது. எதையும் தேர்ந்தெடுக்காமல் பிரித்தால் எச்சரிக்கை எழுந்தது. 2025இல் வந்த 3.14 பதிப்பில், எதுவும் சொல்லாவிட்டாலும் வெளியேறும் பாதைகளை மறுக்கும் பாதுகாப்பான வடிகட்டியே இயல்பாயிற்று. பழைய முறை வேண்டுவோர் அதை வெளிப்படையாகக் கேட்டுப் பெறலாம். குறை பதிவான ஆண்டுக்கும் இயல்புநிலை மாறிய ஆண்டுக்கும் இடையே 18 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. இந்தத் தாமதம் பாராட்டத்தக்கதன்று. இயல்புநிலை எதுவோ அதுவே பெரும்பாலோரின் பாதுகாப்பை முடிவு செய்கிறது என்பதை இது ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகிறது.

தமிழ்ப் பெயர்களும் தமிழ் உரையும்

கோப்பு நூலகத்தின் மாற்றங்களில் தமிழ் எழுதுவோரை நேரடியாகத் தொடுபவை சில உண்டு. யூனிகோட் குறியேற்றத்தைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் ஆகின்றன. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. பொங்கல் என்று கோப்புக்குப் பெயரிட்டால், பகரமெய்யின் உயிர்க்குறி, இரு புள்ளிகள் உட்பட 7 குறிகள், 21 பைட்டுகள். லினக்ஸில் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டுகளையே அனுமதிப்பதால், தமிழ்ப் பெயர் 85 குறிகளைத் தாண்ட இயலாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையோ 255 தமிழ்க் குறிகளை ஏற்கிறது. ஆகவே ஒரு நூலின் நீண்ட தலைப்பையே பெயராக உடைய கோப்பு விண்டோஸில் உருவாகி, லினக்ஸ் வழங்கிக்குச் செல்லும்போது மறுக்கப்படக்கூடும். நிரலர் எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ண வேண்டிய இடம் இது.

இதனினும் நுட்பமானது ஒரே பெயர் இரு வடிவங்களில் அமைவது. யூனிகோட்டில் பொ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இடப்புறக் கொம்பும் வலப்புறக் காலும் தனித்தனியான இரு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் தரம் கூறுகிறது. கண்ணுக்கும் இரண்டும் ஒன்றே. ஆனால் முதல் வடிவம் 21 பைட்டுகள் கொண்டது, இரண்டாவது 24 பைட்டுகள் கொண்டது. மேக் கணினிகளில் நெடுங்காலம் வழங்கிய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. அதனால் மேக் கணினியிலிருந்து படியெடுத்த கோப்பும் லினக்ஸில் நேராக உருவாக்கிய கோப்பும், ஒரே கோப்புறையில், பொங்கல் என்ற ஒரே தோற்றத்துடன் இரு வேறு கோப்புகளாக நிற்க இயலும். ஒரு பெயரைத் தட்டச்சு செய்து தேடும் நிரல் மற்றதைக் காணாது. பாத்லிப் இவ்வடிவங்களைத் தானாக ஒன்றாக்குவதில்லை. வட்டில் உள்ள பெயரைத் திருத்தித் தந்தால் அந்தக் கோப்பையே திறக்க இயலாமற்போகும் என்பதால் அது சரியான முடிவே. பெயர்களை ஒப்பிடுமுன் இருபுறமும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் கடமை நிரலரைச் சேர்ந்தது. அதற்கான செயற்கூறு செந்தர நூலகத்தின் யூனிகோட் தொகுதியிலேயே இருக்கிறது.

கோப்பின் உள்ளே இருக்கும் உரையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. எந்தக் குறியேற்றம் என்று சொல்லாமல் உரைக் கோப்பைத் திறந்தால், பைத்தான் 3.14 பதிப்பு வரை கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்து முடிவு செய்துவந்தது. மேற்கு ஐரோப்பிய அமைப்புள்ள விண்டோஸ் கணினியில், யுடிஎஃப்-8 முறையில் எழுதிய ககரத்தின் 3 பைட்டுகளும் தொடர்பற்ற 3 குறிகளாகத் திரையில் விழுகின்றன. தமிழ் எழுத்தைக் கோப்பில் எழுத முனைந்தால் பிழை எழுகிறது. 3.10 பதிப்பு, குறியேற்றம் சொல்லாமல் திறக்கும் இடங்களைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கையை, விரும்புவோர் இயக்கிக்கொள்ளும்படி தந்தது, 3.15 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 முறையையே எங்கும் இயல்புநிலையாக்கும் பெப் 686 2022இல் ஏற்கப்பட்டது. ஆங்கில எழுத்துகளை மட்டும் ஆள்வோர் பெரிதும் உணராத இம்மாற்றம், தமிழ் உரையைக் கையாளும் நிரல்களுக்கு மிகப் பெரிய விடுதலை.

பழைய தமிழ்க் கோப்புகளைப் பேணுவோர் அறிய வேண்டிய இன்னொரு வசதி 2009இல் வந்த 3.1 பதிப்பைச் சேர்ந்தது. யூனிகோட்டுக்கு முற்பட்ட டிஸ்கி போன்ற குறியேற்றத்தில் பெயரிட்ட கோப்புகள் லினக்ஸில் இருந்தால், அப்பெயர்களின் பைட்டுகள் பெரும்பாலும் யுடிஎஃப்-8 விதிகளுக்கு அடங்கா. பெப் 383 வகுத்த முறை, அடங்காத பைட்டுகளை ஒதுக்கப்பட்ட சிறப்புக் குறிகளாக மாற்றிச் சரத்துக்குள் வைத்து, கோப்பு முறைமைக்குத் திருப்பித் தரும்போது அதே பைட்டுகளாக மீட்டுவிடுகிறது. பெயரை வாசிக்க இயலாவிட்டாலும் கோப்பைத் திறக்கவும், உரிய குறியேற்றத்தில் பெயரை மீட்டெடுக்கவும் இதனால் வழி ஏற்படுகிறது.

நகலெடுத்தலின் இருபொருள்

பாத்லிப் தோன்றிப் பதினொரு ஆண்டுகள் ஆகியும் ஒரு கோப்பை நகலெடுக்க வேறொரு பழைய தொகுதியையே நாட வேண்டியிருந்தது. 3.14 பதிப்பு அக்குறையைத் தீர்த்தது. கோப்பையும் முழுக் கோப்புறை மரத்தையும் நகலெடுக்கவும் நகர்த்தவும் பாதைப் பொருளிலேயே செயல்கள் அமைந்தன. இங்கும் கவனிக்கத்தக்கது வசதியன்று, வசதி பிரிக்கப்பட்ட விதமே. பழைய தொகுதியின் நகலெடுக்கும் செயற்கூறு, கொடுக்கப்பட்ட இலக்கு ஒரு கோப்புறையாக ஏற்கெனவே இருந்தால் அதனுள்ளே நகலை வைக்கும். இல்லையென்றால் அப்பெயரிலேயே நகலை உருவாக்கும். காப்புக் கோப்புறை ஒன்று இருக்கிறது என்று நம்பி எழுதிய நிரல், யாரோ அக்கோப்புறையை நீக்கிவிட்ட நாளில், கோப்புறையின் பெயரிலேயே ஒரு கோப்பை உருவாக்கிவிட்டு, அடுத்தடுத்த நகல்களை அதன்மேலேயே எழுதி, முன்னவற்றை அழித்துவிடும். இறுதியில் எஞ்சுவது கடைசிக் கோப்பு மட்டுமே. புதிய வடிவில் காப்பி என்பது இந்தப் பெயரில் நகலெடு என்றும், காப்பி_இன்டூ என்பது இந்தக் கோப்புறைக்குள் நகலெடு என்றும் இரு வேறு செயல்களாயின; நகர்த்துவதற்கும் அவ்வாறே இரண்டு. நிரலரின் எண்ணம் எதுவோ அது நிரலில் எழுதப்பட்டுவிடுகிறது. கணினியின் அப்போதைய நிலை அதை மாற்றிப் பொருள்கொள்ள இடமில்லை.

நிரலரின் பங்கு

இவையனைத்தையும் தொகுத்து நோக்கும்போது ஒரு நூலகம் வளர்வது கூடுதல்களால் மட்டும் அன்று என்பது விளங்கும். பாதையைச் சரத்திலிருந்து பிரித்தது, பொதுவான நெறிமுறையால் பழையவற்றோடு இணைத்தது, சோதனையையும் செயலையும் ஒன்றாக்கியது, தவறான பெயரை அவகாசம் தந்து விலக்கியது, ஆபத்தான இயல்புநிலையை மாற்றியது, இருபொருள் செயலை இரண்டாக்கியது ஆகிய ஒவ்வொன்றும் நிரலர் நினைவில் சுமந்த ஓர் எச்சரிக்கையை நூலகம் தன்மேல் ஏற்றுக்கொண்ட நிகழ்வு. தன்னார்வலர்கள் உட்படப் பலரின் உழைப்பால் அது நடந்திருக்கிறது.

அந்த உழைப்பின் பயன் பயனரைச் சேர வேண்டுமானால் நிரலர்களும் சிலவற்றைச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு பதிப்புடனும் வெளியாகும் மாற்றக் குறிப்பைப் படிக்க வேண்டும். கைவிடப்படும் வசதிகள் பற்றிய எச்சரிக்கைகளுள் பெரும்பாலானவை இயல்பாகத் திரையில் காட்டப்படுவதில்லையாதலால், சோதனையின்போது அவற்றை இயக்கிப் பார்க்க வேண்டும். உரைக் கோப்பைத் திறக்கும் இடந்தோறும் குறியேற்றத்தை எழுத வேண்டும். தம் நிரல்களைத் தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைக் கொண்டும் சோதிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களிலும் பைத்தான் கற்பிப்போர், பாதைகளைச் சரங்களாக ஒட்டும் பழைய பாடத்தை விட்டுவிட்டு, முதல் வகுப்பிலிருந்தே பாத்லிப்பைக் கற்பிக்க வேண்டும். நூலகம் பத்தாண்டுகளாக மூடிவந்த பள்ளங்களில் புதிய தலைமுறை மாணவரை மீண்டும் விழச் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.